ஆறு நாளும் ஏழாம் நாளும்

‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. உத்தியோகம் என்னும் வடசொல்லுக்கு முதற்பொருள் முயற்சி என்பதே. முயற்சியே ஆண்மைக்கு அழகு என்பதைத்தான் முன்னோர் அவ்வாறு கூறினர். காலப்போக்கில் அச்சொல் சுருங்கி, மாதச் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை மட்டும் குறிப்பதாயிற்று. ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு சுருங்கும்போது, அதனோடு மக்களின் வாழ்க்கையும் சிறிது சுருங்கிவிடுகிறதோ என்று நான் எண்ணுவதுண்டு. அலுவலக வேலை, தன் அறிவையும் திறமையையும் வளர்த்துக்கொள்ளுதல், ஊரைவிட்டுச் சற்றே வெளியே சென்று மனத்தை ஆற்றிக்கொள்ளுதல் ஆகிய மூன்றையும் ஒரு மனிதன் ஒருங்கே பெற முடியுமா? இது இன்றைய கேள்வி போலத் தோன்றினும், இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் சில பக்கங்களை மட்டும் இங்கே புரட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

ஏழு நாளுக்கு ஒரு முறை ஓய்வு என்பது நம் பழைய வழக்கம் அன்று. உழவனுக்கு மழையும் பருவமுமே கடிகாரம். விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையில் அவனுக்கு இயல்பாக ஓய்வு கிடைத்தது. திருவிழாக்களும் அந்த இடைவெளியில் வந்து அமைந்தன. தச்சரும் கொல்லரும் அமாவாசையன்று உளியையும் சுத்தியலையும் தொடமாட்டார்கள். திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் திதி பார்த்தே விடுமுறைக்குக் காத்திருந்தனர். ஓய்வின் கணக்கைச் சந்திரன் வைத்திருந்தான். அந்தக் கணக்கைச் சூரியனின் பெயரால் அமைந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியது அலுவலகம்.

சென்னையில் அலுவலகம் என்பதன் தோற்றத்தைப் புனித ஜார்ஜ் கோட்டையில் காண்கிறோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ்ப்படி ஊழியருக்கு ‘ரைட்டர்’ என்று பெயர். கடிதங்களைப் படியெடுப்பதும், சரக்குக் கணக்கு எழுதுவதும் அவர்தம் வேலை. 1744-ஆம் ஆண்டில் அத்தகைய எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர்தான் ராபர்ட் கிளைவ். ஆண்டுக்கு ஐந்து பவுன் சம்பளம், ஊர் புதிது, நண்பர் எவரும் இல்லை. மனம் நொந்திருந்த அவ்விளைஞருக்கு ஆளுநரின் நூலகம் ஒன்றே புகலிடமாக விளங்கியது. அவர் பிற்காலத்தில் இந்நாட்டுக்குச் செய்தவற்றை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆயினும், அலுவல் மேசையிலிருந்து எழுந்து புத்தகத்தை நோக்கிச் சென்ற ஓர் எழுத்தரை இந்நகர வரலாற்றின் தொடக்கத்திலேயே காண்பது கருதத்தக்கது.

கம்பெனி வணிகத்திலிருந்து ஆட்சிக்கு மாறியபோது, ஊழியருக்குக் கல்வி தேவையாயிற்று. மக்களின் மொழி தெரியாமல் வரி தண்டவோ வழக்குத் தீர்க்கவோ இயலாதன்றோ? எனவே, 1812-இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பெற்றது. இங்கிலாந்திலிருந்து வந்த இளம் அதிகாரிகள் நம் பண்டிதர்களிடம் தமிழும் தெலுங்கும் பிறவும் கற்றனர். தேர்வில் தேறியவர்க்குப் படி உயர்ந்தது. உத்தியோகத்தில் உயர்வதற்காகப் படிப்பது என்னும் வழக்கம் நம் மாகாணத்தில் ஒழுங்காக வேரூன்றியது அப்போதுதான் எனலாம். அந்தக் கல்வி அதிகாரிகளின் சம்பளத்தை உயர்த்தியதோடு நின்றுவிடவில்லை. தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் ஓர் இனமாக அமைந்தவை என்பதை எல்லிஸ் 1816-இல் எடுத்துக்காட்டினார். அலுவலுக்காகத் தொடங்கிய படிப்பு அலுவலையும் கடந்து ஒரு பேருண்மையைத் தொட்டது. இன்றும் நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை என்னும் பெயர் அக்கல்லூரியை நினைவூட்டி நிற்கின்றது.

ஓய்வுக்கும் அவர்கள் வழி வகுத்துக்கொண்டனர். கோட்டையின் புழுக்கத்தினின்று விலகிச் சோலைகளின் நடுவே தோட்ட வீடுகள் எழுந்தன. தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்த 1821-இல் கிண்டி மாளிகை அரசுக்கு வந்தது. வார இறுதியில் ஆளுநர் சென்று தங்கும் இடமாக இருந்த அதுவே இன்று ஆளுநரின் நிலையான இல்லமாகத் திகழ்கிறது. கோயம்புத்தூர் ஆட்சித் தலைவராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்குச் சென்றார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் வீடும் கட்டினார். நாளடைவில் கோடைகாலத்தில் அரசாங்கமே மலையேறத் தொடங்கியது. கல்வி, அலுவல், உல்லாசம் மூன்றும் மேலதிகாரிகளின் வாழ்வில் இவ்வாறு இசைந்துவிட்டன. ஆனால், துரைமாருடன் கோப்புகளும் மலையேறின; கோப்புகளுடன் குமாஸ்தாக்களும் மலையேறினர். ஒருவருக்குக் குளிர்ச்சியாக இருந்த அந்தப் பயணம், மற்றவருக்குக் குடும்பத்தைப் பிரிந்து குளிரில் நடுங்கும் இடமாற்றமாக இருந்தது. ஒரே இரயில் வண்டியில் இருவர் செல்லலாம்; இருவரும் செல்வது ஒரே பயணம் அன்று.

சாதாரண உழைப்பாளிக்கு ஏழாம் நாள் எவ்வாறு கிடைத்தது? அது எவரும் மனமுவந்து வழங்கிய கொடை அன்று. பம்பாய்ப் பஞ்சாலைகளில் தொழிலாளர் வார ஓய்வின்றி உழைத்து வந்தனர். 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்களுக்கு மட்டுமே மாதத்தில் நான்கு நாள் விடுமுறை அளித்தது. ஜோதிராவ் புலேயின் நெறியில் வந்த நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் ஆலைத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். அவருடைய இடைவிடாத கிளர்ச்சியின் பயனாக, 1890 ஜூன் 10-ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். மறு ஆண்டில், 1891-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலையில் உழைக்கும் அனைவருக்கும் வார விடுமுறையை உறுதி செய்தது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் வேலை செய்வோருக்காக வார விடுமுறைச் சட்டம் இயற்றப்பெற்றது 1942-இல்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சற்று நேரம் கூடுதலாகத் தூங்கும் நாம், அந்தத் தூக்கத்துக்குப் பின்னே பலருடைய விழிப்பு இருந்தது என்பதை உணரவேண்டும்.

விடுமுறை கிடைத்தது. அதைக் கொண்டு என்ன செய்வது? இதற்கு இரண்டு பெரியோர்களின் வாழ்க்கையை நான் சான்றாகக் கூறுவேன்.

1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் முப்பது ரூபாய். கல்லூரித் தேர்வில் தவறியவர். எனினும் கணிதக் கட்டுரை எழுதி வெளியிட்டவர். அவரே சீனிவாச இராமானுஜன். அலுவலகத்தின் மேலாளர் நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர். அந்தக் குமாஸ்தாவின் குறிப்பேடுகளில் இருந்தது இன்னதென்று உணரக்கூடியவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்கு ஆதரவாக நின்றார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, தாம் துறைமுக அலுவலகக் குமாஸ்தா என்றே இராமானுஜன் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார்.

மற்றவர் சர் சி. வி. இராமன். 1907-இல் நிதித்துறைத் தேர்வில் முதல்வராகத் தேறிக் கல்கத்தாவில் துணைக் கணக்காயராகப் பணி ஏற்றார். வயதோ பதினெட்டு. போபஜார் வீதியில் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை ஒருநாள் அவர் கண்ணில் பட்டது. அதுமுதல் விடியற்காலையில் அங்கே சென்று ஆய்வு செய்வார். வீடு திரும்பி உண்டு அலுவலகம் செல்வார். மாலையில் அலுவலகத்திலிருந்து நேரே கழகத்துக்குச் சென்று இரவு வரை இருப்பார். ஞாயிறு முழுவதும் ஆய்வுக்கே உரியது. இவ்வாறு பல ஆண்டுகள் உழைத்தபின், 1917-இல், சம்பளம் குறையும் என்று அறிந்தும் அரசுப் பணியை விடுத்துப் பேராசிரியர் ஆனார். 1921-இல் இங்கிலாந்து சென்று திரும்புகையில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கப்பல் தளத்தில் எழுந்த அந்த வியப்பு ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்கு வித்திட்டது. 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் வெளிப்பட்ட கண்டுபிடிப்பு வரை அது வளர்ந்தது. பயணம் படிப்பின் பகை அன்று. புதிய இடத்தைக் காணும் கண்ணே புதிய கேள்வியையும் காண்கிறது.

இவ்விருவரின் வரலாற்றைக் கேட்பவர், ‘அவர்கள் மேதைகள், நமக்கு எங்கே முடியும்?’ என்று கூறிவிடுதல் எளிது. நான் அதில் வேறொரு பாடத்தைக் காண்கிறேன். ஓய்வுநேரம் மட்டும் இருந்தால் போதாது. அமர்ந்து படிக்க ஓர் இடமும், தடை செய்யாத ஒரு மேலதிகாரியும் வேண்டும். சர்க்கார் கழகத்தைக் கட்டி வைத்திராவிடில், இராமனின் மாலைப்பொழுது எங்கே கழிந்திருக்கும்? நாராயண ஐயருக்குக் கணிதம் தெரிந்திராவிடில், அந்தக் குறிப்பேடுகளை யார் மதித்திருப்பார்? கன்னிமரா நூலகம் 1896-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றதையும், 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியதையும் இக்கண்கொண்டே பார்க்கவேண்டும். துறைத் தேர்வுக்குப் படித்த எத்தனையோ எழுத்தர்களுக்கு வீட்டில் தனியறை இல்லை. நூலகத்து மேசையே அவர்தம் படிப்பறை. தட்டெழுத்து நிலையத்தில் மாலை ஒரு மணிநேரம் ‘லோயர்’, ‘ஹையர்’ என்று பயின்று முன்னேறிய குடும்பங்கள் நம் தெருக்களில் எத்தனை!

இனி, பயணத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து முதல் இரயில் 1856-இல் இராயபுரத்தினின்று புறப்பட்டது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. இன்றைய கடற்கரைச் சாலை இல்லாத அக்காலத்தில், மாமல்லபுரம் காணச் செல்வோர் பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் செல்வதுண்டு. ஊர்சுற்றல் செல்வர்க்கே உரியது என்னும் நிலையை இரயிலின் மூன்றாம் வகுப்பு மாற்றியது. மைய அரசு 1956-இல் தன் ஊழியர் குடும்பத்தோடு சொந்த ஊர் சென்று வருவதற்குப் பயணச் சலுகை அளித்தது. 1985 ஜூன் முதல் தன் அலுவலகங்களில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று வகுத்தது. மன்றோவுக்குக் கிண்டி எதுவோ, அது சிறிய அளவில் ஒரு குமாஸ்தாவின் வீட்டையும் வந்தடைந்தது.

எனினும், இவ்வரலாற்றில் ஒரு பக்கம் இன்னும் சரியாக எழுதப்படவில்லை. ஏழாம் நாள் பற்றிய சட்டங்களில் அடுப்படியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குமாஸ்தாவின் ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவிக்கு வாரத்திலேயே வேலை மிகுந்த நாளாக இருந்தது. விருந்தினர் வருவர், பிள்ளைகள் வீட்டில் இருப்பர், எண்ணெய்க் குளியலும் பலகாரமும் வேண்டும். சுற்றுலா என்றால், முந்திய இரவு புளிசோறு கிளறுபவளும் அவளே. இன்று அவளும் அலுவலகம் செல்கிறாள். துறைத் தேர்வும் எழுதுகிறாள். ஆனால், வீட்டில் அவளுக்கு ஒரு லோகண்டே இன்னும் தோன்றவில்லை. ஓய்வைச் சமன்செய்வது பற்றிப் பேசும் ஆடவர், தம் வீட்டிலேயே அந்தத் தராசின் மறுதட்டை முதலில் பார்க்கக் கடமைப்பட்டவர் என்பது என் கருத்து.

மற்றோர் ஆபத்தும் இன்று நேர்ந்துள்ளது. முன்பு அலுவலகத்தின் கதவை மாலையில் காவலாளி பூட்டினான். இப்போது அலுவலகம் கைப்பேசி வடிவில் சட்டைப்பையில் ஏறி, மாமல்லபுரத்துக்கும் உதகைக்கும் நம்மோடு வருகிறது. அன்று கோப்புகளுடன் மலையேறிய குமாஸ்தாவின் நிலையை நாமே விரும்பி ஏற்கிறோமோ என்று ஐயுறுகிறேன். போராடிப் பெற்ற நாளைப் போராட்டமின்றியே இழந்துவிடலாம்.

உத்தியோகத்தின் பழைய பொருள் முயற்சி என்று தொடக்கத்தில் கூறினேன். ஆறு நாளும் நாம் பிறர் வகுத்த வேலையைச் செய்கிறோம். ஏழாம் நாளில் ஒரு நூலை விரித்தாலும், ஒரு புதிய ஊரைக் கண்டாலும், மனைவியை அமரச் செய்து நாமே உலை வைத்தாலும், அந்த முயற்சி நம்முடையது. அச்சொல்லின் முழுப்பொருளை அந்த ஒரு நாளிலாவது நாம் மீட்டுக்கொள்வோமாக.