லண்டன்–ஆஸ்திரேலியா: 28 நாளில் இருந்து 17 மணி நேரம் வரை

1/ லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே உள்ள தூரம் நூறு வருஷமா அப்படியேதான் இருக்கு. பயண நேரம் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வந்தது. ஆனா ஒரே சீட்டில் தொடர்ந்து உட்கார்ந்திருக்கும் நேரம் கூடிடுச்சு. அந்தக் கதைதான் இந்தத் தொடர்.

2/ 1919. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளோடு லண்டனில் கிளம்பி டார்வின் போய்ச் சேர்ந்தார்கள். 28 நாள்.

3/ 1935. பிரிஸ்பேன்–லண்டன் பயணிகள் சேவை ஆரம்பம். பன்னிரண்டரை நாள். ஊர் ஊராக இறங்கி ஏறணும். ஐரோப்பாவில் ஒரு பகுதி ரயிலில்! இரவானால் ஹோட்டலில் தூக்கம். அலுப்புதான், ஆனா கால்களுக்கு வேலை இருந்தது.

4/ 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்ததும் இந்தப் பாதை அறுந்தது. அடுத்த வருஷம் குவாண்டாஸ் கடல்விமானங்கள் பெர்த்தில் இருந்து நம்ம பக்கத்து இலங்கையின் காலி அருகே உள்ள கொக்கல ஏரிக்கு நிற்காமல் பறந்தன. சுமார் 5,600 கி.மீ. 27 முதல் 33 மணி நேரம். அதிகபட்சம் மூன்று பயணிகள். ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்ப்பார்கள்.

5/ 1947. கான்ஸ்டலேஷன் விமானம், சிட்னி–லண்டன் நான்கு நாள். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று நின்று நின்று போனது. சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவுத் தங்கல்.

6/ 2018 மார்ச். பெர்த்–லண்டன், 14,498 கி.மீ., நடுவில் எங்கும் இறங்காமல் சுமார் 17 மணி நேரம்.

7/ இதில் டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்கலாம். நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளுது. அசையாம உட்கார்ந்தா ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. 1940-ல் லண்டன் குண்டுவீச்சின்போது, பதுங்கிடங்களில் இரவெல்லாம் சாய்வு நாற்காலியில் கிடந்தவர்களிடம் இந்த மரணங்கள் கூடுவதை கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் பதிவு செய்தார். ஆக, குற்றவாளி விமானம் மட்டுமல்ல, அசையாத கால்.

8/ பாரிஸ் சார்லஸ் டி கால் விமான நிலையப் பயணிகளை வைத்து 2001-ல் வந்த ஆய்வு: 5,000 கி.மீ.க்குக் குறைவாகப் பறந்தவர்களில் நுரையீரல் அடைப்பு பத்து லட்சத்துக்கு 0.01. 10,000 கி.மீ.க்கு மேல் 4.8. தூரம் கூடக் கூட ஆபத்தும் கூடுது.

9/ பயப்பட வேண்டாம், பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. எழுந்து நடங்க. சீட்டிலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்க. சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய் உள்ளவர்கள், முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள், டிக்கெட் போடும்போதே உங்கள் டாக்டரிடம் பேசுங்க. நீங்களாக ஆஸ்பிரின் போடாதீங்க.

10/ ஊர் திரும்பிச் சில வாரம் கழிச்சுக்கூட ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்க. "சமீபத்தில் நீண்ட விமானப் பயணம் செய்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்க. அந்த ஒரு வரி உயிரைக் காப்பாற்றலாம்.