பி.எஃப். என்கிற விதைநெல்

புனே, நொய்டா, ஐதராபாத் என்று கம்பெனி மாறும்போதெல்லாம் நம்மாட்கள் கேட்கும் முதல் கேள்வி: "பழைய பி.எஃப்.ஐ எடுத்துடலாமா?" பதிலுக்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

வெள்ளைக்காரன் காலத்தில் பென்ஷன் என்றால் அது சர்க்கார் உத்தியோகஸ்தருக்குத்தான். மில் தொழிலாளிக்குப் பிள்ளைகளே பென்ஷன்! 1951 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்து, 1952ல் அது தொழிலாளர் சேமநல நிதிச் சட்டமானது. முதலில் சிமெண்ட், சிகரெட், எஞ்சினியரிங், இரும்பு-எஃகு, காகிதம், நெசவு என ஆறே தொழில்கள். தொழிலாளி 6.25 சதவீதம் போட்டால், முதலாளியும் அதே அளவு போட வேண்டும்.

ஆனால் ஓய்வு பெறும்போது கிடைத்தது மொத்தத் தொகை மட்டுமே. 1971ல் குடும்ப பென்ஷன் வந்தது; அது வேலையில் இருக்கும்போதே இறந்தவரின் குடும்பத்துக்கு. உயிரோடு ஓய்வு பெறுபவருக்கு மாதாமாதம் பணம் என்பது 1995 நவம்பர் 16ல் தொடங்கிய திட்டத்தில்தான். முதலாளி பங்கில் 8.33 சதவீதம் அதற்குப் போனது. நிபந்தனை, 10 வருட சர்வீஸ்.

நம் கதை இங்கேதான் இடிக்கிறது. ஒரே மில்லில் முப்பது வருஷம் இருந்தவருக்குப் பத்து வருஷம் பெரிய விஷயமில்லை. மூன்று வருஷத்துக்கு ஓர் ஊர் என்று போகும் நாம், ஒவ்வொரு முறையும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தால், சர்வீஸ் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். மாற்றிக்கொண்டால் வருஷங்கள் கூடும். 2014ல் யு.ஏ.என். எண் வந்தபின் மாற்றுவது முன்பைவிடச் சுலபம்.

அந்தப் பென்ஷனும் பெரிதல்ல. 2014 செப்டம்பரில் வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி, 35 வருட சர்வீஸுக்கு மாதம் 7,500தான் (15,000 x 35 / 70). அதனால்தான் மொத்தத் தொகையைக் கரைக்கக்கூடாது. வட்டியும் குறைந்திருக்கிறது. தொண்ணூறுகளில் 12 சதவீதம், 2023-24ல் 8.25.

திடீர்ச் செலவு வந்தால்? 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக மூன்று மாதச் சம்பளம் (அடிப்படை + பஞ்சப்படி) அல்லது இருப்பில் 75 சதவீதம், இரண்டில் குறைந்ததை எடுக்க அரசே அனுமதித்தது. பலருக்கு அது உயிர் காத்தது, மறுக்கவில்லை. ஆனால் அது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது மாதிரி.

ஆஸ்பத்திரிக்கும், ஊருக்கு அவசரமாக ஓடும் டிக்கெட்டுக்கும் ஆறு மாதச் செலவுப் பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும். பி.எஃப். அறுபது வயதுக்காரருடையது. அவர் நாளைக்கு நம்மிடம்தான் கணக்குக் கேட்பார்!