சாவகச்சேரிக்கு ஒரு பிரின்டர்

என் தங்கையின் மகன் சாவகச்சேரியில் ஒரு சிறு அலுவலகத்தைத் திறக்க ஆயத்தமாகின்றான். தட்டச்சு, கணக்கு எழுதுதல், விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்தல் என்பனவே தொழில். அண்மையில் தொலைபேசியில் அழைத்து, "மாமா, நீங்கள் பேப்பருக்குள்ளேயே சீவிச்ச ஆள். எந்தப் பிரின்டர் வாங்கினால் நல்லது எண்டு ஒருக்கால் சொல்லுங்கோ" என்று கேட்டான். ஒரு நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கலாம். ஆயினும் ஒரு பழைய பத்திரிகைக்காரனிடம் அச்சு இயந்திரத்தைப் பற்றிக் கேட்டால் அவன் இருநூறு ஆண்டுகள் பின்னால் போய்விட்டுத்தான் திரும்பி வருவான். அவனிடம் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இக்கேள்வி புதியதன்று. 1820 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் அச்சகம் நடத்துவதற்கென ஜேம்ஸ் கரட் என்னும் அச்சுத் தொழிலாளரை அனுப்பிவைத்தது. அப்போது இலங்கையின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், அவர் இங்கே தங்குவதற்கு அனுமதி மறுத்தார். கரட் பம்பாய்க்குப் போய் அங்குள்ள மிஷன் அச்சகத்தில் சேர்ந்துகொண்டார். 1834 இல் ஈஸ்ட்மன் மைனர் என்னும் அச்சாளர் வந்து சேர்ந்த பின்னரே மானிப்பாயில் மிஷனின் அச்சகம் செவ்வனே இயங்கியது. 1841 இல் 'உதயதாரகை' வெளிவந்தது. இயக்கத் தெரிந்த ஒருவருக்காக ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆறுமுக நாவலரின் தேர்வு இன்னும் தெளிவானது. 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவருக்குப் பாடநூல்கள் வேண்டியிருந்தன. 1849 இல் சதாசிவம்பிள்ளையுடன் சென்னைக்குப் பயணமாகி அச்சியந்திரம் வாங்கினார். போகும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் 'நாவலர்' என்ற பட்டம் பெற்றதை எல்லோரும் சொல்வர். அவர் புறப்பட்டது இயந்திரம் வாங்கத்தான் என்பதைப் பலரும் மறந்துவிடுவர். தமிழ் அச்செழுத்தும் அதைக் கோக்கத் தெரிந்த கைகளும் இருந்த நகரத்துக்கே போய் வாங்கினார். சென்னையில் இருந்தபோதே சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிட்டார். வாங்கியதை வண்ணார்பண்ணைக்குக் கொண்டுவந்து வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். தேவை முதலில், இயந்திரம் பின்னர் என்ற ஒழுங்கு அதில் இருந்தது.

அச்சகம் என்பது வேறு, அலுவலகத்து மேசையில் அச்சிடுவது என்பது வேறு. இரண்டாவதன் கதை லண்டனில் தொடங்குகின்றது. ஹங்கேரியில் 1854 இல் பிறந்த டேவிட் கெஸ்டெட்னர் 1881 இல் அங்கு தமது நிறுவனத்தைத் தொடங்கினார். மெழுகு பூசிய மெல்லிய தாளில் நுண்ணிய துளைகளாக எழுத்தை வெட்டி, அத்துளைகளின் வழியே மையைக் கீழேயுள்ள தாளில் இறக்குவதே அவரது முறை. அமெரிக்காவில் எடிசனின் கண்டுபிடிப்பைக் கொண்டு சிக்காகோவின் ஏ.பி. டிக் நிறுவனம் மிமியோகிராப் இயந்திரத்தை 1887 முதல் விற்றது. நமது ஊரில் நிலைத்த பெயர் ரோனியோ. 'ரோட்டரி', 'நியோஸ்டைல்' என்னும் இரு சொற்களின் தலையெழுத்துகள் சேர்ந்து பிறந்த வணிகப் பெயர் அது. எந்த நிறுவனத்தின் இயந்திரமாக இருந்தாலும் எங்களுக்கு அது ரோனியோதான். சோதனை வினாத்தாள், சங்கக் கூட்ட அழைப்பு, வேலைநிறுத்தத் துண்டுப்பிரசுரம் எல்லாம் அதில்தான் உருண்டு வந்தன.

தட்டெழுத்துப் பொறியின் நாடாவை விலக்கிவிட்டு, ஸ்டென்சிலில் எழுத்து நேரே வெட்டும்படி அடிக்க வேண்டும். பிழை வந்தால் நகப்பூச்சு மணக்கும் ஒரு திரவத்தைத் தடவி, காய்ந்த பின் அதன்மேல் அடிக்க வேண்டும். 'ழ'வும் 'ண'வும் சற்று அழுத்தி அடித்தால் ஸ்டென்சில் கிழிந்து வட்டமாகவே விழுந்துவிடும். இத்தனை தொல்லைகளும் இருந்தாலும், கைப்பிடியைச் சுற்றுவதற்கு மின்சாரம் தேவையில்லை என்ற ஒன்று எல்லாவற்றையும் ஈடுசெய்தது. 1990 இன் பின் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி, பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பத்திரிகைகள் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாள்களிலும் அச்சாகின. அக்காலத்தில் வெளிநாட்டு நண்பர் ஒருவர், "இப்போது உலகில் எவ்வளவு நேர்த்தியான இயந்திரங்கள் வந்துவிட்டன தெரியுமா" என்று கடிதம் எழுதியிருந்தார். கடிதத்தைக் குப்பி விளக்கில் வாசித்தேன்.

அவர் சொன்ன நேர்த்தியின் வேர் 1938 ஒக்டோபர் 22 இல் இருக்கின்றது. நியூயோர்க்கின் அஸ்டோரியாவில் ஒரு வாடகை அறையில் செஸ்டர் கார்ல்சன் அன்றைய திகதியையும் ஊர்ப்பெயரையும் நிலைமின்னால் தாளில் பதித்துக் காட்டினார். காப்புரிமைப் பத்திரங்களைப் பிரதி எடுப்பதே அவரது அலுவலகத் தொல்லையாக இருந்தது. பல நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. கடைசியில் ஹலோயிட் என்ற சிறு நிறுவனம் முன்வந்து, 1959 இல் செரொக்ஸ் 914 ஐ வெளியிட்டது. ஒன்பது அங்குலம் அகலமும் பதினான்கு அங்குலம் நீளமும் உள்ள தாள்வரை பிரதி எடுக்கும் என்பதே அந்த எண்ணின் பொருள். ஏறத்தாழ 294 கிலோகிராம் எடை. தாள் தீப்பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால் தீயணைப்புக் கருவி ஒன்றும் கூடவே கொடுத்தார்கள்! இத்தகைய இயந்திரம் மொத்தமாக ஐயாயிரத்துக்கு மேல் விலைபோகாது என்று ஆலோசகர்கள் கணித்துச் சொன்னதைக் கேட்டு ஐ.பி.எம். நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது.

அந்தக் கணிப்புப் பொய்த்ததற்குக் காரணம் விற்ற முறைதான். செரொக்ஸ் அதை மாதம் 95 டொலருக்கு வாடகைக்குக் கொடுத்தது. மாதத்துக்கு 2,000 பிரதிகள் அதில் அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு பிரதிக்கும் தனிக் கட்டணம். உள்ளே ஒரு கணக்குமானி ஓடிக்கொண்டிருந்தது. அலுவலக முகாமையாளர் இயந்திரத்துக்கு விலை கொடுக்கவில்லை, பக்கத்துக்குக் கொடுத்தார். பக்கம் கூடக் கூட நிறுவனம் வளர்ந்தது. நமது மேசைகளில் இன்றிருக்கும் பிரின்டர்களின் கணக்கும் இதே கணக்குத்தான். கணக்குமானி மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிறகு வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக நேரத்தை அச்சிடும் கருவி செய்த அனுபவத்திலிருந்து 1968 இல் ஈ.பி.-101 என்ற சிறிய அச்சுப்பொறி பிறந்தது. அதன் 'மகன்' என்ற கருத்தில்தான் எப்சன் என்ற பெயர். 1980 இல் வந்த எம்.எக்ஸ்.-80 ஊசியால் குத்தி அச்சிடும் டொட் மாட்ரிக்ஸ் வகை. அதன் இரைச்சல் பொறுக்க முடியாதது. ஆனால் கார்பன் வைத்த மூன்று பிரதிகளை ஒரே குத்தில் எடுக்கும் வேலையை வேறெதுவும் செய்யாது. வங்கியிலும் களஞ்சியத்திலும் அது இன்னும் கரகரத்துக்கொண்டிருப்பது இதனால்தான். லேசர் முறையை செரொக்ஸில் கரி ஸ்டார்க்வெதர் உருவாக்கினார். அது மேசைக்கு வந்தது 1984 இல், கெனன் நிறுவனத்தின் உள்ளியந்திரத்தைக் கொண்டு ஹியூலெட் பக்கார்ட் வெளியிட்ட லேசர்ஜெட் வடிவில். நிமிடத்துக்கு எட்டுப் பக்கம். விலை 3,495 டொலர். அதே நிறுவனம் அதே ஆண்டில் திங்க்ஜெட் என்ற மைத்தெளிப்பு வகையை 495 டொலருக்கு விற்றது. மைத்தெளிப்புப் பொறிகளின் விலை பின்னர் இறங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பிரின்டரை வாங்குவதும் அதன் மைக் கூட்டை வாங்குவதும் ஏறக்குறைய ஒரே விலை என்றாகிவிட்டது.

அப்படியொரு மலிவான பொறியை என் நண்பர் ஒருவர் 2004 இல் வடமராட்சியில் தமது தட்டச்சுக் கடைக்கு வாங்கினார். என்னிடம் கேட்டுத்தான் வாங்கினார் என்பதை மறைக்க விரும்பவில்லை. கொழும்பில் ஒரு கடையில் விலை விசாரித்துச் சொன்னவன் நான். மைக் கூட்டின் விலையை நானும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. பெட்டியோடு வரும் மைக் கூடு முழுவதும் நிரப்பப்படாதது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

ஊரில் ஒரு முதியவர் காலமாகி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கும் வேலை நண்பரிடம் வந்தது. நூறு பிரதிகள். அட்டையில் அவரது வர்ணப் படம். உள்ளே பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, பிள்ளைகள் புலம்பல். நான் அன்று அங்கேதான் நின்றேன். முதல்நாள் மாலை அட்டைகளை அடிக்கத் தொடங்கினோம். அறுபத்திரண்டாவது அட்டையோடு வர்ண மை தீர்ந்தது. சரி, கறுப்பில் உள்பக்கங்களையாவது அடிப்போம் என்றால் இயந்திரம் மறுத்தது! கறுப்பு மை நிறைய இருந்தது. வர்ணம் இல்லாமல் கறுப்பையும் அடிக்க மாட்டேன் என்று ஒரு சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த வகை மைக் கூடு யாழ்ப்பாண நகரத்துக் கடைகளிலும் இல்லை, கொழும்பிலிருந்துதான் வரவேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடை பூட்டியிருந்தது. ஒன்பது மணிக்கு மின்சாரமும் போயிற்று.

இறந்தவரின் மூத்த மகள் கனடாவிலிருந்து வந்திருந்தார். மரணச்சடங்குக்கு வந்து சேர முடியாமற் போனவர். "அப்பாவின்ர கல்வெட்டாவது ஒழுங்காக இருக்கட்டும்" என்று சொல்லித்தான் பணம் கொடுத்திருந்தார். அவர் வீட்டுக்குப் போய் நிலைமையைச் சொல்லும் வேலை என்னிடம் விடப்பட்டது. நான் வாசலில் நின்று சொல்லி முடிக்கும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

கைகொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவர் வீட்டு விறாந்தையில் சீலை போர்த்திய ஒரு கை ரோனியோ இருந்தது. பழைய ஸ்டென்சில்கள் சில மிச்சம் இருந்தன. இரவு முழுவதும் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் அவர் தட்ட, நான் வாசித்துக் கொடுக்க, நண்பர் கைப்பிடியைச் சுற்றினார். விடியும்போது நூறு கல்வெட்டும் தைத்து முடிந்தன. அறுபத்திரண்டில் முதியவர் சிரித்துக்கொண்டிருந்தார். மீதி முப்பத்தெட்டின் அட்டையில் பெயரும் திகதிகளும் மாத்திரமே. மகள் படம் இல்லாத பிரதி ஒன்றைத் தனக்கென எடுத்துக்கொண்டு, படம் உள்ளவற்றை வந்தவர்களுக்குக் கொடுத்தார்.

மலிவான பொறிகளின் மைக் கூட்டுக்குள் சிறு சில்லுகளை வைத்து, பிறர் நிரப்பிய மையை ஏற்காதபடி செய்த நிறுவனங்களும் இருந்தன. அமெரிக்காவில் இது வழக்காடு மன்றங்களுக்குப் போயிற்று. லெக்ஸ்மார்க் நிறுவனம் தொடர்பான வழக்கில், விற்றுவிட்ட மைக் கூட்டின் மீது காப்புரிமையைக் காட்டி உற்பத்தியாளர் உரிமை கொண்டாட முடியாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017 இல் தீர்ப்பளித்தது. ஆனால் உண்மையான மாற்றம் நீதிமன்றத்தில் அல்ல, இந்தோனேசியாவின் கடைத்தெருக்களில் தொடங்கியது எனலாம். அங்குள்ள திருத்துநர்கள் பிரின்டரின் பக்கத்தில் போத்தல்களைக் கட்டி, குழாய் மூலம் மையை ஊட்டும் முறையைப் பரப்பிவிட்டார்கள். அதைத் தடுக்க முடியாதெனக் கண்ட எப்சன், 2010 இல் அதே நாட்டில் தானே மைத்தொட்டி வைத்த பிரின்டர்களை விற்கத் தொடங்கியது. ஏழை நாட்டுத் திருத்துநர் பெரிய நிறுவனத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த அரிய சந்தர்ப்பம் அது. எனக்கு அதில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

மருமகனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். தொகைகள் கணக்கின் வசதிக்காக எடுத்தவை. கடையில் உண்மையான விலையை விசாரித்து அவனே இட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பிரின்டர் 20,000 ரூபா. அதன் மைக் கூடு 5,000 ரூபா, 200 பக்கம் வரும். பக்கத்துக்கு 25 ரூபா. மற்றொன்று 70,000 ரூபா. மைப் போத்தல் 3,000 ரூபா, 4,000 பக்கம் வரும். பக்கத்துக்கு 75 சதம். வாங்கும்போது 50,000 ரூபா வித்தியாசம். அந்த வித்தியாசம் 2,062 பக்கங்களில் அழிந்துவிடும். நாளுக்கு 40 பக்கம் அடிக்கும் கடைக்கு அது இரண்டு மாதமும் இல்லை. நாளுக்கு ஒரு பக்கம் அடிப்பவருக்கோ ஐந்து ஆண்டுகளுக்கு மேல். ஆகவே இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னர் ஒரு கொப்பியில் ஒரு மாதம் பக்கங்களை எண்ணி எழுதச் சொன்னேன். பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கை அப்படியே நம்பவும் வேண்டாம். பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் மை படும் கடிதத்தை வைத்துச் சொல்லும் கணக்கு அது. கோயில் திருவிழா அழைப்பிதழுக்கு அது பொருந்தாது.

தினமும் ஓடாத மைத்தெளிப்புப் பொறியின் நுண்துளைகள் காய்ந்து அடைத்துவிடும். லேசரின் மைத்தூள் ஆறு மாதம் கிடந்தாலும் காயாது. ஆனால் தூளைத் தாளில் உருக்கி ஒட்டுவதற்கு அது சில நூறு வாற்று மின்சாரத்தைத் திடீரென இழுக்கும். கணினிக்கு வைத்திருக்கும் சிறிய யூ.பி.எஸ்.ஸில் அதைக் கொழுவினால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். மைத்தெளிப்புப் பொறிக்கு மின்சாரம் மிகக் குறைவாகவே போதும். 2022 ஐ மறந்தவர்கள் இதைச் சிறு விடயமென நினைக்கலாம். அவ்வாண்டு மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகிய நாளிதழ்களின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் நின்றன. நாளுக்குப் பல மணிநேரம் மின்சாரம் இல்லை. அப்போது தொண்ணூறுகளில் வாழ்ந்த எங்களுக்கு மட்டும் அதிர்ச்சி சற்றுக் குறைவாக இருந்தது.

கடைசியாக, விளம்பரங்களைப் பார்க்காமல் சாவகச்சேரியில் பிரின்டர் திருத்துகிறவரின் மேசைக்குப் போய், அவர் எந்த வகையைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார், எதற்கு அவரிடம் உதிரிப்பாகம் இருக்கின்றது என்று கேள் என்றேன். "கடையில் ஆக்கள் சிரிப்பினம் மாமா" என்றான். ஆனால் போனான்.

ஒரு மாதம் எண்ணியதில் நாளுக்குச் சராசரி 55 பக்கங்கள் வந்தனவாம், ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. போத்தல் மை ஊற்றும் பிரின்டர் ஒன்றை, திருத்துநர் காட்டிய வகையிலேயே வாங்கியிருக்கிறான். கூடவே ஒரு செற் மைப் போத்தல்களை வாங்கி அலுமாரியில் பூட்டி வைத்திருப்பதாகவும் நேற்றுச் சொன்னான்.