கடல்சார் தொழில்களின் நுண்நெகிழி மாசு

கடலுக்குள் நிறுவப்பட்ட எண்ணெய், எரிவாயு மேடைகள், காற்றாலைகள், மீன் பண்ணைகள், அவற்றுக்குப் பணிசெய்யும் கப்பல்கள் ஆகியவற்றிலிருந்து நேரடியாகக் கடலில் சேரும் பிளாஸ்டிக் துகள்களால் உண்டாகும் மாசு. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான துகள்களை நுண்நெகிழி என்பது வழக்கம். கடலில் சேரும் பிளாஸ்டிக்கில் 80 விழுக்காடு நிலத்திலிருந்து வருவது என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கணக்கின் மூலத்தைத் தேடிப்போனால் உறுதியான அளவீடு எதுவும் கையில் சிக்குவதில்லை. ஆனாலும் அதுவே கடல்சார் தொழில்களை ஆய்வாளர்களின் கவனத்திலிருந்து நெடுங்காலம் தள்ளி வைத்திருந்தது.

துரப்பண மேடைகளில் பிளாஸ்டிக் தெரிந்தே பயன்படுத்தப்படுகிறது. கிணறு தோண்டும்போது உள்ளே செலுத்தப்படும் துரப்பணச் சேறு, துளைமுனையைக் குளிர்விக்கிறது; பாறைத் தூளை மேலே கொண்டுவருகிறது; நிலத்தடி அழுத்தத்தைத் தாங்குகிறது. கிடைமட்டமாக வளைந்து செல்லும் கிணறுகளில் குழாய் சுவரோடு உரசிக்கொண்டே சுழல்வதால், ஸ்டைரீன் சார்ந்த பாலிமர் மணிகளைச் சேற்றில் கலந்து உராய்வைக் குறைப்பதுண்டு. பாறை வெடிப்புகளுக்குள் சேறு வடிந்துபோனால் அதை அடைக்க வால்நட் ஓட்டுத் தூள் முதல் செயற்கை இழைவரை எதையும் போடுவார்கள். உற்பத்தி தொடங்கிய பிறகு மெழுகு படியாமல் தடுக்கவும், நுரையை அடக்கவும், எண்ணெயையும் நீரையும் பிரிக்கவும் தனித்தனி வேதிப்பொருள்கள் தேவைப்படுகின்றன. அவற்றிலும் பாலிமர்கள் உண்டு. இவற்றுள் எல்லாமே திண்மத் துகள்கள் அல்ல, நீரில் கரைபவையும் உள்ளன. எது துகள், எது கரைசல் என்ற இந்த வரையறைச் சிக்கலே கணக்கெடுப்பைக் குழப்பும் முதல் காரணம்.

எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் நீர், பிரிக்கப்பட்ட பின் பெரும்பாலும் கடலிலேயே விடப்படுகிறது. கிணறு முதிர முதிர இதன் அளவு கூடும். வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆஸ்பார் உடன்படிக்கை 1992-இல் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்த நீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் எண்ணெய்வரை இருக்கலாம். பிளாஸ்டிக் துகளுக்கு அப்படி ஒரு வரம்பு வகுக்கப்படவில்லை.

வேதிப்பொருள்களைச் சோதிக்கும் முறையிலும் இதே ஓட்டை உண்டு. நச்சுத்தன்மை, உயிர்களின் உடலில் சேரும் தன்மை, மட்கும் வேகம் என மூன்றை ஆஸ்பார் பார்க்கிறது. பெரிய மூலக்கூறு கொண்ட பாலிமர் முதல் இரண்டிலும் எளிதில் தேறிவிடும். 28 நாளில் 20 விழுக்காடுகூட மட்காத பொருளுக்கு மாற்று தேட வேண்டும் என்ற விதியில்தான் அது மாட்டுகிறது. நார்வே இத்தகைய பொருள்களைச் சிவப்புப் பிரிவில் வைத்து, படிப்படியாகக் கைவிடச் சொல்கிறது. துகளின் அளவும் வடிவமும் மீனின் குடலில் என்ன செய்யும் என்று கேட்பதற்காக வகுத்த சோதனைகள் அல்ல இவை.

பன்னாட்டுச் சட்டத்தின் மௌனம் இன்னும் வெளிப்படையானது. கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் எறிவதை மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988 இறுதியிலிருந்து தடைசெய்கிறது. ஆனால் கடலடிக் கனிமங்களைத் தேடி எடுத்துப் பதப்படுத்தும் வேலையால் நேரடியாக வெளியேறும் பொருள்களை, ‘வெளியேற்றம்’ என்பதன் வரையறையிலேயே மார்போல் விலக்கிவிட்டது. கழிவு கொட்டுதலைக் கட்டுப்படுத்தும் லண்டன் உடன்படிக்கையிலும் இதே விலக்கு உண்டு. ஆகவே மேடையில் உணவு உண்டவர் எறியும் பிளாஸ்டிக் தட்டு குற்றம்; கிணற்றிலிருந்து சேற்றோடு வெளியேறும் பிளாஸ்டிக் மணி அந்தந்த நாட்டின் விருப்பம்.

வேண்டுமென்றே கலக்காத பிளாஸ்டிக்கும் உண்டு. குழாய்களின் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் உறைகள், எஃகுக் கால்களின் எப்பாக்சி வண்ணப்பூச்சு, கடலடி மணல் அரிக்காமலிருக்க விரிக்கப்படும் பாலிபுரோப்பிலீன் ‘செயற்கைப் புல்’ பாய்கள் ஆகியவை உப்பிலும் உராய்விலும் மெல்லத் தேய்கின்றன. பயனிழந்த எண்ணெய்க் கலமான பிரெண்ட் ஸ்பாரைக் கடலில் மூழ்கடிப்பது பற்றிய சர்ச்சைக்குப் பின் 1998-இல் ஆஸ்பார் எடுத்த முடிவு, பழைய மேடைகளைக் கடலில் விட்டுவிடுவதைத் தடுத்தது. குழாய்களை அது தொடவில்லை.

காற்றாலைகளின் இறக்கை நுனி நொடிக்கு 80 மீட்டரையும் தாண்டும் வேகத்தில் மழைத்துளிகளோடு மோதுவதால் முன்விளிம்புப் பூச்சு அரிக்கப்படுகிறது. இதன் அளவு பற்றி வாதம் நீள்கிறது. எண்ணெய்த் துறைக்கு ஆதரவாக இந்த வாதத்தைப் பெரிதாக்குவோரும் உள்ளனர் என்பதை மறக்கக்கூடாது. விபத்து வேறு கதை. 2024 ஜூலையில் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் வின்யார்ட் விண்ட் காற்றாலையின் 107 மீட்டர் இறக்கை முறிந்து, நுரைப்பிளாஸ்டிக்கும் கண்ணாடியிழையும் கரை ஒதுங்கின, கடற்கரைகள் மூடப்பட்டன. மீன் வளர்ப்பில் நுரை மிதவைகள் நொறுங்குவது பழைய தொல்லை. தென்கொரியா அவற்றைப் புதிதாக நிறுவுவதைத் தடைசெய்துள்ளது.

கண்ணுக்குத் தெரியும் மாசுக்கு வழக்காவது நடக்கும். 2021-இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் கடலில் சேர்ந்தன. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மேடையடி மாசுக்கு அந்த வாய்ப்பும் குறைவு. நுண்நெகிழி ஆய்வுகள் பெரும்பாலும் கடற்பரப்பில் சுமார் 0.3 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையை இழுத்துச் செய்யப்பட்டவை. மிதக்கும் பாலிஎத்திலீன் அதில் சிக்கும். நீரைவிடக் கனமான எப்பாக்சியும் டெஃப்லானும் அடிச்சேற்றுக்குப் போய்விடும். அகச்சிவப்பு நிறமாலைக் கருவி துகளின் பிளாஸ்டிக் வகையைச் சொல்லிவிடும். எந்த மேடையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாது.

வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்நெகிழிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தொழிற்களங்களில் பயன்படுபவை தடைக்கு உட்படவில்லை. மாறாக, எவ்வளவு கசிகிறது என்ற மதிப்பீட்டை ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்கிறது விதி. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பதால் ஒன்றியத்தின் வேதிப்பொருள் விதிகள் நார்வேக்கும் பொருந்தும். வட கடலின் மற்றொரு பெரிய எண்ணெய் நாடான பிரிட்டன் 2020-இல் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால், அதன் மேடைகளை இந்த விதி கட்டுப்படுத்துவதில்லை.