குப்பைக்குப் போகாத ஒலிநாடா



"ரஃப் நோட்டையும் எடுத்துட்டு வா" என்று வகுப்பில் நான் கேட்பது நினைவிருக்கிறதா? பிள்ளை எப்படி யோசித்தான் என்பது அதில்தான் தெரியும். இன்று பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரஃப் நோட்டு ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

1965. கிறிஸ்துமஸுக்குள் புது இசைத்தட்டு வந்தாக வேண்டும். அக்டோபர் 12-ல் லண்டன் அபே ரோடு கூடத்தில் பதிவு தொடங்கியபோது, கையில் போதுமான பாட்டு இல்லை. நவம்பர் 4 இரவு, நால்வரும் பாட்டே இல்லாமல் வாசிக்க ஆரம்பித்தார்கள். லெனனும் ஹாரிசனும் கிட்டார், மெக்கார்ட்னி பேஸ், ரிங்கோ டிரம்ஸ். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஹார்மோனியத்தில் உட்கார்ந்தார்.

முன்தயாரிப்பு இல்லாமல் எப்படி முடிந்தது? அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த 'ப்ளூஸ்' இசையின் சட்டகம் அது. நான்கு நான்கு தட்டாகப் பன்னிரண்டு பகுதிகள். ஆக 48 தட்டு ஒரு சுற்று. மூன்றே கார்டுகள், வரிசை மாறாது. அடுத்து எங்கே போவது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.

முதல் முறை பாதியில் நின்றது. இரண்டாம் முறை ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடியது. ஆனால் டிசம்பர் 3-ல் வெளிவந்த 'ரப்பர் சோல்' இசைத்தட்டில் அதற்கு இடமில்லை. அது சரியான முடிவுதான். சுற்றிச் சுற்றி வருகிறதே தவிர, எங்கும் போய்ச் சேரவில்லை.

ஆனாலும் நாடாவை அழிக்கவில்லை. 1996 மார்ச்சில் 'ஆந்தாலஜி 2' தொகுப்பில், மூன்று நிமிடத்துக்குள் சுருக்கி, '12-பார் ஒரிஜினல்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். லெனன் மறைந்து பதினைந்து ஆண்டு கடந்திருந்தது. லெனன்-மெக்கார்ட்னி பெயரே வழக்கமாக வரும் இடத்தில், இதற்கு நால்வர் பெயரும் இருக்கிறது.

கேட்டுப் பாருங்கள். பெரிய இசை என்று சொல்லமாட்டேன். ஆனால் உலகமே கொண்டாடிய அந்த நால்வரும், நேரம் நெருக்க, என்ன செய்வதென்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்த ஓர் இரவு அதில் இருக்கிறது. 'ரப்பர் சோல்' மட்டும் கேட்டால் அந்தத் திணறல் தெரியாது.

வெளியிடாதது ஒரு நல்ல தீர்ப்பு. தூக்கி எறியாதது இன்னொரு நல்ல தீர்ப்பு. வரலாற்றுக்கு இரண்டும் வேண்டும். உங்கள் பிள்ளைகளின் ரஃப் நோட்டை வருடக் கடைசியில் எடைக்குப் போடுமுன், ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்