கேள்வி நேரத்தின் எல்லைகள்: போடிநாயக்கனூர் ஏலமலையும் வெளியுறவுத் துறையின் விடைகளும்

ஆய்வுச் சுருக்கம்

நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சர் எவ்வினாவுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர் என்பதைத் துறைப் பகிர்வே தீர்மானிக்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து திருவிதாங்கூரின் ஏலமலைக்கு ஏறிச் சென்ற தமிழ்த் தொழிலாளரையும், கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரையும் ஒப்பிட்டு, அவர்களைப் பற்றிய வினாக்கள் 1921 முதல் எத்துறையின் மேசைக்குச் சென்றன, எவை அவைக்கே வராமல் தடுக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1947க்கு முன்னர் மலை வெளியுறவுத் துறையிடமும் கடல் கல்வித் துறையிடமும் இருந்தன. பின்னர் இந்நிலை தலைகீழாயிற்று. இம்மாற்றம் தொழிலாளரின் குடியுரிமையை நேரடியாகப் பாதித்தது என்பதே கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: கேள்வி நேரம், வெளியுறவுத் துறை, ஏலமலை, போடிமெட்டு, திருவிதாங்கூர், இலங்கைத் தோட்டத் தொழிலாளர்.

முன்னுரை

நெடுங்காலம் 49ஆம் எண்ணால் அறியப்பட்ட கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை மூணாற்றைக் கடந்து, பூப்பாறை வழியாகப் போடிமெட்டில் மலைமுகட்டைத் தொட்டு, கொண்டையூசி வளைவுகளில் இறங்கிப் போடிநாயக்கனூரை அடைகிறது. அங்கிருந்து தேனி, மதுரை, இராமநாதபுரம் கடந்து கடலோரத்தில் முடிகிறது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வரலாற்றின் இரு எல்லைகளை இந்த ஒரே சாலை இணைக்கிறது. மேற்கு முனையில் ஏலமும் தேயிலையும் விளையும் மலை. கிழக்கு முனையில் இலங்கைக்குக் கப்பல் ஏறிய துறை. மதுரைச் சீமையின் வறண்ட ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்பட்ட குடும்பங்கள் இவற்றுள் ஏதேனும் ஒரு திசையில் சென்றன. இரு திசைகளிலும் கங்காணியே முன் நின்றான். முன்பணக் கடனும் இரு இடங்களிலும் உண்டு. வேறுபாடு அவர்கள் எந்த அரசின் எந்தத் துறைக்கு உரிய பொருளாயினர் என்பதில் இருந்தது.

மலையுச்சி என்னும் அயலகம்

போடிநாயக்கனூர் ஜமீன் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு மேலுள்ள ஏலமலை திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உரியது. ஏலம் அங்கே நெடுங்காலம் அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்து, 1896இல் அவ்வுரிமை கைவிடப்பட்டது. மலையின் நிர்வாகம் திருவனந்தபுரத்தில் இருந்தபோதிலும் அதன் வாழ்வு கிழக்கு நோக்கியே இறங்கியது. அரிசியும் ஆட்களும் போடியிலிருந்து ஏறினர். கண்ணன்தேவன் மலைத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் இறங்கின. 1928இல் மதுரை–போடி இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது மலைச் சரக்கு தொடர்வண்டிக்கு மிக அருகில் வந்து சேர்ந்தது.

ஆயினும் சட்டத்தின் கண்ணில் அம்மலை பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியன்று. சென்னை அரசு திருவிதாங்கூருடன் கொண்ட உறவு உடன்படிக்கைகளால் ஆனது. 1865இன் வணிக உடன்படிக்கை தரைவழிச் சுங்கத்தைப் பெரும்பாலும் நீக்கியது. 1886 அக்டோபரில் கையெழுத்தான பெரியாற்றுக் குத்தகை ஆவணத்தில் ஒரு பக்கம் திருவிதாங்கூர் மகாராஜாவும் மறுபக்கம் இந்தியாவுக்கான அரசுச் செயலரும் தரப்பினராயினர். 1923 வரை திருவிதாங்கூருக்கான ரெசிடெண்ட் சென்னை அரசின் கீழ்ப் பணியாற்றினார். அவ்வாண்டு முதல் சென்னைப் பகுதிச் சமஸ்தானங்கள் நேரடியாக இந்திய அரசின் வெளியுறவு–அரசியல் துறையின் பார்வைக்குச் சென்றன. அத்துறைக்குப் பொறுப்பாளர் வைசிராயே ஆவார். எனவே போடிமெட்டுக்கு மேற்பட்ட நிலம் நிர்வாக வகையில் வெளியுறவுத் துறைப் பொருளாயிற்று.

வினவ முடியாத வினாக்கள்

இந்தியச் சட்டமன்றங்களில் வினவும் உரிமை படிப்படியாக வந்தது. 1892இன் சட்டம் வினா எழுப்ப இடமளித்தது. 1909இன் சீர்திருத்தம் வினவியவருக்கே துணைவினா உரிமை தந்தது. 1919இன் சட்டத்துக்குப் பின் எந்த உறுப்பினரும் துணைவினா எழுப்பலாம் என்றாயிற்று. ஆனால் அச்சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள் இரண்டு கதவுகளை இறுக அடைத்தன. அயல்நாட்டு அரசுகளுடனான உறவைத் தொடும் வினாவுக்கு இடமில்லை. சமஸ்தான மன்னர்களுடனான உறவையோ அவர்தம் ஆட்சிப்பகுதியின் நிர்வாகத்தையோ தொடும் வினாவுக்கும் இடமில்லை. மத்தியச் சட்டமன்றத்தில் வெளியுறவுச் செயலர் உறுப்பினராக அமர்ந்திருந்தார். டெனிஸ் பிரே, ஆப்ரே மெட்காஃப், ஓலஃப் கேரோ போன்றோர் அவ்விடத்தை வகித்தவர்கள். அவர்கள் அவைக்குப் பொறுப்புடைய அமைச்சர்கள் அல்லர். அனுமதிக்கப்பட்ட வினாவுக்குத் துறையின் விடையைப் படித்துக் காட்டும் அதிகாரிகள். ஏலமலைத் தோட்டம் ஒன்றில் போடித் தொழிலாளி கூலி மறுக்கப்பட்டால், அது சமஸ்தானத்தின் உள்நிர்வாகமாகக் கருதப்பட்டு விதியின் வாசலிலேயே நின்றுவிடும்.

இலங்கைக்குச் சென்றவரின் நிலை வேறாக இருந்தது. 1922இன் குடிபெயர்வுச் சட்டம் அவர்களைப் பற்றி இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் கண்டியில் இந்திய அரசின் முகவர் ஒருவர் இருந்தார். வெளிநாடு வாழ் இந்தியர் நலன் வெளியுறவுத் துறையிடம் இல்லை. கல்வி, சுகாதாரம், நிலம் ஆகியவற்றுக்கான துறையே அதனைக் கவனித்தது. இன்று வியப்பளிக்கும் இப்பகிர்வினால் ஒரு நன்மை விளைந்தது. அத்துறையின் பொருள் என்ற முறையில் இலங்கைத் தொழிலாளரின் கூலி, வாக்குரிமை, குடியேற்றம் ஆகியவை குறித்துத் தாராளமாக வினவ முடிந்தது. 1934க்குப் பின் கேள்வி நேரத்தில் தனிப் பெயர் பெற்ற சத்தியமூர்த்தி போன்ற உறுப்பினர்கள் துணைவினாக்களால் அரசுத் தரப்பை நெருக்கிய காலம் அது. 1930களில் அத்துறையின் செயலராக அவையில் விடையளித்தவர் கிரிஜா சங்கர் பாஜ்பாய். இலங்கை அரசு 1939இல் நாட்கூலி இந்தியப் பணியாளரை நீக்கத் தலைப்பட்டபோது, இந்திய அரசு அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் கைவினைத் திறனற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. அவையின் அழுத்தமின்றி அம்முடிவு அத்துணை விரைவில் வந்திருக்காது எனக் கருத இடமுண்டு.

1941இல் வெளிநாடு வாழ் இந்தியருக்கெனத் தனித்துறை உருவாகி எம்.எஸ். ஆனே பொறுப்பேற்றார், 1944இல் அது காமன்வெல்த் உறவுத் துறை எனப் பெயர் மாறியது. 1946 செப்டம்பர் 2இல் இடைக்கால அரசு அமைந்தபோது நேரு வெளியுறவையும் காமன்வெல்த் உறவையும் ஒருசேர ஏற்றார். அவ்வாறு இலங்கைத் தோட்டத் தொழிலாளி முதன்முறையாக வெளியுறவு அமைச்சரின் பொருளானார்.

1947: மலை கைமாறிய கோடை

மலை மட்டும் இன்னும் தீர்மானமாகவில்லை. 1947 ஜூன் 11இல் திருவிதாங்கூர் திவான் சி.பி. இராமசாமி ஐயர், பிரிட்டிஷ் மேலாதிக்கம் நீங்கியதும் சமஸ்தானம் தனி நாடாகும் என அறிவித்தார். பாகிஸ்தானுக்குப் பிரதிநிதி ஒருவரையும் நியமித்தார். அந்த அறிவிப்பு நிலைத்திருப்பின் போடிமெட்டு பன்னாட்டு எல்லையாகியிருக்கும். மேலே ஏலம் பறிப்போரின் கூலி பற்றிய வினாவுக்கு நேருவே விடையளித்திருப்பார். அவர்கள் எந்நாட்டுக் குடிகள் என்ற வினாவும் உடன் எழுந்திருக்கும். ஜூலை 25இல் திவான் தாக்கப்பட்டார். அம்மாத இறுதியில் மன்னர் இணைப்புக்கு இசைந்தார். அதற்குள் பட்டேலின் பொறுப்பில் சமஸ்தானத் துறை தோன்றியிருந்தது. மலை அத்துறைக்குச் சென்று, 1955இல் அது உள்துறையோடு சேர்ந்தபின் உள்துறைப் பொருளாயிற்று. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டமும் உள்துறையின் கோப்பாகவே முடிந்து, 1956 நவம்பர் 1இல் இரு வட்டங்களும் கேரளத்தில் நிலைத்தன. தோட்டத் தமிழர் நிலையாகத் தங்குவோரா, வந்துபோவோரா என்ற வாதம் அப்போது எழுந்தது. இதே வாதம் 1931இல் டொனமூர் அரசமைப்பின் வாக்குரிமை பற்றி இலங்கையில் எழுந்ததை ஒப்புநோக்கலாம். ஆனால் மலையில் அவ்வாதத்தால் எவரும் குடியுரிமை இழக்கவில்லை. எந்த மாநிலம் என்பதே அங்கு வினா. எந்த நாடு என்பது கடலுக்கு அப்பால் எழுந்த வினா.

நேருவின் மேசை

புதிய அமைச்சகத்தின் முதல் தலைமைச் செயலராகப் பாஜ்பாயே அமர்ந்தார். முன்னர் கல்வித் துறையின் சார்பில் இலங்கை வினாக்களுக்கு விடை படித்தவரே இப்போது வெளியுறவு அமைச்சருக்கு ஆலோசனை கூறும் நிலையில் இருந்தார். ஆயினும் விடையின் இயல்பு மாறிற்று. முன்பு அவர் பேசியது பிரிட்டிஷ் பேரரசின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு நடத்திய பேச்சு. இப்போது பேசுவது ஒரு நாடு மற்றொரு நாட்டோடு.

1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1949இன் இந்திய–பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்ப வழியொன்றைத் திறந்தபோதும் அவ்வழி மிகக் குறுகலானது. இந்திய அரசமைப்பின் 8ஆம் உறுப்பு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் தூதரகத்தில் பதிவுசெய்து குடிமக்களாக இடமளித்தது. இப்பதிவு பெறாதோர் இந்தியக் குடிகள் அல்லர், இலங்கையின் பொறுப்புக்கு உரியோர் என்பதே நேரு கடைப்பிடித்த நிலைப்பாடு. சட்ட நோக்கில் அது வலுவானது. அவர்களைத் திருப்பியனுப்பும் முயற்சிக்கு இடங்கொடாத தற்காப்பும் அதில் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. அவர்கள் இந்தியக் குடிகள் அல்லர் என்றால், அவர்களுக்காக இந்திய அமைச்சரை எவ்வளவு தூரம் வினவலாம் என்ற வரம்பும் கூடவே வந்தது. 1920களில் விதியால் அடைக்கப்பட்ட கதவு இப்போது விடையின் சொல்லமைப்பால் பாதி சாத்தப்பட்டது. நட்பு நாட்டைப் பண்பின்றிக் குறிப்பிடும் வினா ஏற்கப்படாது என்னும் மக்களவை விதியும் இதற்குத் துணை நின்றது. 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் கண்ட உடன்பாடு இச்சிக்கலை அவிழ்க்கவில்லை.

நேருவின் கேள்வி நேரத்தைத் தயக்கத்தின் வரலாறாக மட்டும் காண்பது பொருந்தாது. தூதரகச் செலவு, இந்திய வெளியுறவுப் பணிக்கான நியமனங்கள் போன்ற துறை நிர்வாகப் பொருள்களை உறுப்பினர்கள் விடாது கிளறினர். இலண்டன் தூதரகம் வழியே 1948இல் செய்யப்பட்ட ஜீப் ஒப்பந்தம் பொதுக் கணக்குக் குழுவரை சென்று ஆண்டுக்கணக்கில் அவையில் பேசப்பட்டது. 1959 ஆகஸ்டில் அக்சாய் சின் சாலையைப் பற்றி அமைச்சர் ஒப்புக்கொண்டதும், அடுத்த மாதம் சீனக் கடிதங்கள் வெள்ளை அறிக்கையாக வந்ததும் அவையின் நெருக்குதலால் நேர்ந்தவை. இமயத்தின் எல்லைக்குக் கிடைத்த இக்கூர்மை மன்னார் வளைகுடாவின் எல்லைக்குக் கிடைத்ததில்லை.

ஒப்பந்தத்துக்குப் பின்

1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையால் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்தன. வெளியுறவு அமைச்சராக இருந்தவர் சுவரண் சிங். தனித்தனி மனிதரின் விருப்பத்தைவிட எண்ணிக்கையே இதில் முன்னின்றது. தாயகம் திரும்பியோர் மண்டபம் முகாமில் இறங்கியவுடன் அவர்களைப் பற்றிய வினா மறுவாழ்வுத் துறைக்குச் சென்றுவிட்டது. வெளியுறவு அமைச்சரின் பொறுப்பு கடற்கரையோடு முடிந்தது. நீலகிரியில் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் சிலர் குடியமர்த்தப்பட்டனர்.

கச்சத்தீவு உடன்பாடு பற்றி 1974 ஜூலை 23இல் சுவரண் சிங் மக்களவையில் அறிக்கை அளித்தபோது, இரா. செழியன், மூக்கையாத் தேவர் ஆகியோர் கடுமையாக எதிர்த்தனர். பின்னவர் போடிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள உசிலம்பட்டிப் பகுதியின் தலைவர். அப்போது இராமநாதபுரம் உறுப்பினர். உடன்பாடு முன்னரே முடிந்திருந்ததால் அவை கருத்துக் கூற மட்டுமே முடிந்தது. கடல் எல்லை பற்றிய 1976 மார்ச் கடிதப் பரிமாற்றம் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களுக்கு இடையே நடந்தது.

மலைக்குத் திரும்பினால், இன்று ஏலத்தின் வெளிநாட்டு முகம் வணிக அமைச்சகத்தின் பொருள். போடிநாயக்கனூரில் நடைபெறும் ஏலக்காய் விற்பனையின் விலை வளைகுடா நாடுகளின் தேவையையும் குவாத்தமாலாவின் விளைச்சலையும் பொறுத்து ஏறி இறங்குகிறது. ஆயினும் அது குறித்த வினா நறுமணப் பொருள் வாரியத்தின் வழியே வணிக அமைச்சருக்குச் செல்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பூசல் முற்றி இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களோடு போடிப் பக்கம் இறங்கி வந்தபோது, அவர்கள் இந்தியக் குடிமக்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. சில வாரங்களுக்குப் பின் பலர் மீண்டும் மலையேறினர்.

அப்பூசலின் மூல ஆவணமான 1886 குத்தகை, சமஸ்தான உடன்படிக்கை என்பதால் 1947இன் இந்திய விடுதலைச் சட்டத்தோடு அற்றுப்போயிற்று எனக் கேரளம் வாதிட்டது. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அக்குத்தகை அரசியல் தன்மை கொண்ட உடன்படிக்கை அன்று, 999 ஆண்டுக் காலமும் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.