எந்த நீலம் சரியான நீலம்?

போன எபிசோடுக்கு ஸ்காட்லாந்துக் கொடியை நானே வரைஞ்சு அட்டைப்படமா போட்டிருந்தேன். "நீலம் தப்பு, ரொம்ப இருட்டா இருக்கு"ன்னு ஒரு நேயர் எழுதினார். கொஞ்சம் ரோஷத்தோடதான் தேட ஆரம்பிச்சேன்.

ஐரோப்பாவின் ஹெரால்ட்ரி மரபில், ஒரு சின்னத்தின் அடிப்படை படம் இல்லை, வாசகம். ஸ்காட்லாந்துக் கொடியோட வாசகம் இவ்வளவுதான்: அஸூர் தளம், அதில் வெள்ளியில் எக்ஸ் வடிவச் சிலுவை. அஸூர்னா நீலம். எந்த நீலம்? அதை வாசகம் சொல்லாது.

அந்தச் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டி எடுக்கும் லாபிஸ் லாசுலி கல்லோட பேர் அது. அந்தக் கல்லை அரைச்ச நீலம் பயங்கர விலை. காசு இருந்தவங்க அதைப் பூசினாங்க, இல்லாதவங்க மலிவான அஸூரைட்டைப் பூசினாங்க. துணின்னா வேற சாயம். இது எல்லாமே அஸூர்தான், சின்னம் மாறினதா அர்த்தம் இல்லை. அவங்க கவலை எல்லாம் தூரத்துல இருந்து அடையாளம் தெரியணும்கிறதுதான். அதனாலதான் நிறத்து மேல நிறம் வைக்கக் கூடாது, பொன்னோ வெள்ளியோ இடையில வரணும்னு விதி.

இன்னும் வேடிக்கை: 1638-ல் ரோமில் பெட்ரா சாங்க்டா என்ற இயேசு சபைப் பாதிரியார் போட்ட புத்தகத்தில் வண்ணமே கிடையாது. படுக்கைக் கோடு போட்டா நீலம், செங்குத்துக் கோடுன்னா சிவப்பு. அந்த முறை இன்னிக்கும் இருக்கு. மை இல்லாமலே நீலம்!

சிக்கல் ஆலைத் துணியும் அச்சும் வந்த பிறகுதான். ஸ்காட்லாந்துக் கொடி ஒரு கடையில வான நீலம், இன்னொரு கடையில கடற்படை நீலம். இதுக்கு ஒரு தரம் வேணும்னு நாடாளுமன்றத்துக்கு மனு போச்சு. 2003-ல் ஒரு குழு விசாரிச்சு, பான்டோன் 300 பொருத்தம்னு பரிந்துரைத்தது. கவனிங்க, பரிந்துரைதான், சட்டம் இல்லை. பிரிட்டன் கொடியோட நீலம் இதைவிட நல்லா அடர்த்தி. நான் எடுத்தது அதைத்தான்.

ஆக, நேயர் சொன்னது இன்றைய கொடிக்குச் சரி. ஆனா என் எபிசோடு 16-ஆம் நூற்றாண்டைப் பத்தினது. அந்தக் காலத்து சாயக்காரர்கிட்ட 300-ன்னு சொன்னா, விலை சொல்றோம்னு நினைச்சிருப்பார். அட்டைப்படத்தை மாத்தலை. இந்த எபிசோடுக்கு மட்டும் 300 போட்டிருக்கேன்.